ஒப்பாரி சொல்லத் தெரிந்த அப்பத்தாவுக்கு வருஷத் திதி: உங்கள் வீட்டு வரிகள் இருந்தால் எழுதுங்கள்

தட்டோன் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பத்தா போன ஐப்பசியில் பர்மாவில் தட்டோனில் காலமானார். இந்த ஐப்பசியில் வருஷத் திதி வருகிறது. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரு உதவி வேண்டும்.

தட்டோனைச் சுற்றி இருக்கிற நம்ம ஊர்களில் ஒரு சாவு விழுந்தால் முதலில் அப்பத்தாவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிற ஆள் அவர். மற்றப் பெண்களும் அழுவார்கள், பின்பாட்டுப் பிடிப்பார்கள். ஆனால் முதல் அடி அப்பத்தாவிடமிருந்துதான் வர வேண்டும். தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, "என்னப் பெத்த..." என்று அவர் இழுத்துக்கொண்டே வாசல் ஏறுவார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த மகள்காரி அந்தக் குரல் கேட்டதும் உடைந்துவிடுவாள். நான் சின்ன வயதில் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அத்தனை சாவுக்கும் போயிருக்கிறேன்.

அவர் போன அன்றைக்கு எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. அத்தைமார் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்களாம். பாட்டு வரவில்லையாம். நான் ரங்கூனில் இருந்தேன். நேர்வழி அடைத்திருந்ததால் பஸ் எங்கெங்கோ சுற்றிப் போனது. நான் போய்ச் சேரும்போது எரித்துப் பால் தெளித்தாகிவிட்டது. "ஊருக்கெல்லாம் அழுத மனுஷிக்கு ஒரு ஒப்பாரி இல்லாமப் போச்சேடி" என்று பெரிய அத்தை சொன்னது இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

திதி அன்றைக்கு அவருக்கு ஒப்பாரி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியப்பா கூடவே கூடாது என்கிறார். பிணம் வீட்டில் இருக்கும்போது பாடுவதைத் திதி கொடுக்கிற நாளில் பாடினால் இன்னொரு சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்கிறார். உங்கள் வீடுகளில் எப்படி? அப்புறம், உங்கள் ஆயா, அம்மாச்சி, அப்பத்தா சொன்ன வரிகள் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான்.


பெகுக்காரன்:

ஆழ்ந்த இரங்கல் தங்கச்சி. ஆனால் உங்க பெரியப்பா சொல்வதுதான் முறை. திதி என்றால் எள்ளும் தண்ணியும் இறைத்து, படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, நாலு பேருக்கு வயிறாரச் சாப்பாடு போடுவது. அன்றைக்கு அழுதால் போன ஆத்மா திரும்பிப் பார்க்கும் என்று எங்கள் அம்மாச்சி சொல்லும். அப்பத்தாவுக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள், மனசு ஆறும்.


சிரியம் பிள்ளை:

அக்கா, எனக்கு வரி எதுவும் தெரியாது. ஆனால் உங்கள் அத்தை சொன்ன வார்த்தையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மாச்சி 2021 ஜூலையில் கொரோனாவில் போனார். அந்த மாதம் ரங்கூன் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தன். நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது அம்மாச்சிக்கு மூச்சு நின்றிருந்தது. தொண்டு ஆட்கள் வந்து சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். யேவே சுடுகாட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. வீட்டிலிருந்து ஒரு ஆள்தான் கூடப் போக முடிந்தது. வாய்க்கரிசி இல்லை, கோடித்துணி இல்லை, பதினாறும் இல்லை. வீட்டில் இன்னும் மூன்று பேர் காய்ச்சலில் கிடந்ததால் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அழக்கூட இல்லை.

எங்கள் அம்மா அதற்கப்புறம் அம்மாச்சி பேச்சை எடுப்பதே இல்லை. படத்துக்கு மாலை மட்டும் மாற்றுகிறார். இத்தனை வருஷம் கழித்து ஒரு நாள் உட்கார்ந்து அழலாமா, அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா? பெரியவர்கள் சொல்லுங்கள்.


மோல்மீன் வாத்தியார்:

பேத்திக்கும் சிரியம் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் முறை. ஒப்பாரி பிணம் எடுக்கிற வரைக்கும்தான் என்பது சரியல்ல. எங்கள் பக்கம் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்கள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுவார்கள். கருமாதியோடு நிறுத்திவிடுவார்கள், அது உண்மை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. சாவுக்கு வர முடியாமல் போன சொந்தக்காரப் பெண் எத்தனை மாதம் கழித்துத் துக்கம் கேட்க வந்தாலும் வாசலில் கால் வைத்ததும் ஒப்பாரி எடுப்பாள். வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுவார்கள். அதை யாரும் அபசகுனம் என்று சொன்னதில்லை. துக்கம் கேட்பதற்குக் கெடு கிடையாது.

ஆகவே பேத்தி, நீ அன்றைக்கு வந்து சேரவில்லை. நீ இன்னும் துக்கம் கேட்கவில்லை. உனக்கு அந்த உரிமை இருக்கிறது. சிரியம் தம்பி, உன் அம்மாவுக்கும் இருக்கிறது. பெற்ற தாய்க்கு அழவே விடாத ஒரு காலம் அது. அவர் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது ஒரு வயசான உறவுக்காரியை வீட்டுக்கு வரச் சொல். துக்கம் கேட்கவே வந்ததாக அவர் வந்து உட்காரட்டும். மற்றது தானாக நடக்கும்.

இரண்டாவது, வரிகள். பேத்தி மற்றவர்களிடம் வரி கேட்கிறாய். தருவார்கள், தரட்டும். ஆனால் ஒப்பாரி மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பாட்டு இல்லை. எடுப்பும் இழுவையும் பொதுவானது. கூப்பிடுகிற விளி உறவுக்குத் தகுந்தது: தாய்க்கு "என்னப் பெத்த ஆத்தா", புருஷனுக்கு "என் ராசாவே", அண்ணன் தம்பிக்கு "என் கூடப்பொறந்த பொறப்பே". அந்த விளிக்கு முன்னாலும் பின்னாலும் வருவதை அழுகிறவள்தான் கட்ட வேண்டும். செத்தவர் கையில் இருந்த ஒரு பொருளையோ செய்த ஒரு காரியத்தையோ முதல் அடியில் சொல்லுவாள். அது இப்போது என்ன ஆயிற்று என்று அடுத்த அடியில் சொல்லுவாள். அடுத்த ஜோடி அடிக்கு முந்தின ஜோடியின் எதுகையைப் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் இலக்கணம் பிசகாமல் எதுகை போடுவதைக் கேட்டுத்தான் நான் தமிழ் வாத்தியார் ஆனேன் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மாவில் நம் ஆண்கள் கோயில் கணக்கு எழுதினார்கள், சங்கத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்கள். பெண்கள் பட்டதை யாரும் எழுதவில்லை. அது ஒப்பாரியில்தான் இருக்கிறது. மாமியார் சோறு போடாதது, புருஷன் அடித்தது, அண்ணன் நகையை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். அந்த நேரத்தில் எந்த ஆம்பளையும் "வாயை மூடு" என்று சொல்ல முடியாது. உங்கள் அப்பத்தா சொன்னதில் உனக்கு ஞாபகம் இருப்பதை முதலில் எழுது. அவர் பட்டது என்ன என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.


தட்டோன் பேத்தி:

வாத்தியார் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. "நீ இன்னும் துக்கம் கேட்கவில்லை" என்ற வரியை அத்தைக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அத்தை போனிலேயே அழுதார்.

ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன். இது அப்பத்தா தன் அம்மாவுக்குச் சொன்னது:

பட்டணமும் பத்திக்கிச்சே – என்னப் பெத்த ஆத்தா
பாதையெல்லாம் காடாச்சே
ஒட்டிவந்த புள்ளைக்கு – என்னப் பெத்த ஆத்தா
ஒருகை சோறு தேடுனியே

அப்பத்தா அப்போது ரங்கூனில் சிறுபிள்ளை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டான். அவர் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். குடும்பமே புரோம் பக்கம் கிளம்பியது. அங்கிருந்து மலையைத் தாண்டி அரக்கானுக்குப் போய்க் கப்பல் பிடித்தால் இந்தியா என்று எல்லோரும் நடந்தார்கள். அந்த வருஷம் நாலா வழியிலும் ஐந்து லட்சம் இந்தியர்கள் வரைக்கும் கிளம்பினார்கள் என்றும் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தார்கள் என்றும் பிற்பாடு படித்தேன். அப்பத்தாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. புரோமில் தம்பிப் பாப்பா வாந்திபேதியில் போனதும், அவனை ஒரு ஈச்சம்பாயில் சுற்றி ரோட்டோரம் வைத்துவிட்டு அவர் அம்மா "இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டதும்தான் தெரியும். அப்படித்தான் நாங்கள் பர்மாவிலேயே தங்கிய குடும்பம் ஆனோம்.

இது அவர் அண்ணனுக்குச் சொன்னது:

சீமைக்கப்பல் ஊதிருச்சே – என் கூடப்பொறந்த பொறப்பே
சீலைத்துணி யார் தருவா
தாய்வீட்டு வாசலுக்கு – என் கூடப்பொறந்த பொறப்பே
தண்ணிமேலே வழியுண்டா

இதை அவர் முதன்முதலாகச் சொன்னபோது அந்த அண்ணன் உயிரோடு இருந்தார்! 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. மே 17 அன்று ஐம்பது சாட், நூறு சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அண்ணன் சின்னதாக மளிகை வைத்திருந்தவர், கையில் ஒன்றும் இல்லாமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு மதராஸ் கப்பல் ஏறினார். எங்கள் தாத்தாவுக்கு வயல் வேலை, அதனால் நாங்கள் போகவில்லை. துறைமுகத்தில் கப்பல் நகர்ந்ததும் அப்பத்தா தலையை விரித்துப்போட்டு இந்த ஒப்பாரியை எடுத்தார். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரியா என்று தாத்தா கையை ஓங்கினாராம். "இனிமே எனக்கு அவன் இருந்தா என்ன, செத்தா என்ன" என்றாராம் அப்பத்தா. அதற்கப்புறம் அண்ணனைப் பார்க்கவே இல்லை. ஒரு காலத்தில் கடிதமும் நின்றுவிட்டது.

தாத்தா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடி போட ஆள் இல்லை. பெகுவிலிருந்து பங்காளி முறைக்காரர் ஒருத்தர் அண்ணன் ஸ்தானத்தில் நின்று போட்டார். இப்போது அப்பத்தா போனபோது அவரும் இல்லை. எதிர்வீட்டு பர்மியப் பாட்டிதான் பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற புதுத் தமெயின் ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். அவருக்குக் கோடி முறையெல்லாம் தெரியாது. அறுபது வருஷத் தோழிக்குக் கடைசியாக ஒரு துணி கொடுத்தார். படகுக் கூலி என்று ஒரு காசையும் அப்பத்தா வாயில் வைத்தார், அது அவர்கள் முறை. நாங்கள் வாய்க்கரிசி போட்டோம். ஏழாம் நாள் அவர் வீட்டில் பிக்குகளுக்கு அப்பத்தா பேரில் சோறு போட்டதும் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டி செய்ததை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் பிறந்த வீட்டுச் சேலை இல்லாமல் போனது போனதுதான் என்று அத்தை சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.


பெகுக்காரன்:

தங்கச்சி, அந்தத் தாய்வீட்டு வாசல் வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் வந்தவர்களைக் கவனிக்க முடியவில்லை.


மோரே மருமகள்:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், மணிப்பூர் மோரேயில் இருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாமே பர்மாதான். இங்கே தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்று தெரியாதவர்களுக்காக: 64க்கு அப்புறம் கப்பலில் தமிழ்நாடு போனவர்களில் சிலருக்கு அங்கே பிழைப்பு ஒட்டவில்லை. மறுபடி பர்மாவுக்கே போவோம் என்று இம்பால் வழியாக இங்கே வந்தார்கள். எல்லையில் விடவில்லை. எதிரே பர்மாவின் தம்மு ஊர் தெரிகிறது, போக முடியாது. அப்படியே இங்கே உட்கார்ந்தவர்கள்தான் மோரேத் தமிழர்கள். அங்காள பரமேசுவரி முனீசுவரர் கோயிலைக் கட்டியதும் அவர்கள்தான்.

என் மாமியார், அதாவது என் பிள்ளைகளுடைய அப்பாயி, தன் புருஷனுக்குச் சொன்ன ஒப்பாரி இது. அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:

நடந்துவந்த தூரமெல்லாம் – என் ராசாவே
நாடு ஒண்ணு கிடைக்கலையே
கடந்துபோக விடலையே – என் ராசாவே
கதவடைச்ச எல்லையிலே

அப்பாயி எல்லைக் கதவு திறக்கிற நாளில் தம்மு சந்தைக்குப் போய் நாப்பி என்கிற மீன் விழுதும் ஊறத் தேயிலையும் வாங்கி வந்து, அதை வாசலில் உட்கார்ந்து மெல்லும்போதுதான் சிரிப்பார். இப்போது அந்தச் சந்தைக்கும் வழியில்லை. பேத்தி, உங்கள் அப்பத்தாவின் வரியையும் இந்த நோட்டில் சேர்த்துக்கொள்ளலாமா?


கமாயுட் அக்கா:

நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எழுதி வைப்பது சரி. ஆனால் திதி அன்றைக்கு யாராவது செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றும். தலைவிரிகோலமாக அழுகிற பெண் தன் சொந்தங்களுக்கு நடுவில் அழுகிறாள். அதை முன்பின் தெரியாதவர்கள் பொழுதுபோக்காகப் பார்க்கக் கூடாது. என் அம்மாவின் சாவில் அப்படி ஒரு படம் வெளியே போய், அதன்கீழே யார் யாரோ சிரிப்புப் பொம்மை போட்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. குரலை மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்குள் வைபரில் அனுப்பிக்கொள்ளுங்கள். முகம் வேண்டாம்.

இன்னொன்றை வாத்தியார் ஐயாவிடமே கேட்கிறேன். என் மகள்கள் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வார்கள், பேச வராது. என் அம்மாவிடம் அவர்கள் பேசியது முழுக்க பர்மியம். அம்மா தமிழில் திட்டுவார், அவர்கள் பர்மியத்தில் கொஞ்சுவார்கள். அப்படியே இருபது வருஷம் ஓடியது. அம்மா போனபோது சின்னவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு "ப்வா, ப்வா" என்று பாட்டியைக் கூப்பிடுகிற பர்மியச் சொல்லால் அழுதாள். சின்னதிலிருந்தே அம்மாச்சியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கூடியிருந்த பெரிய பெண்கள் சிலர் முகம் சுளித்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளை எப்படி ஒப்பாரி கட்டும்? அவள் அழுதது கணக்கில் வராதா?


மோல்மீன் வாத்தியார்:

கமாயுட் அம்மா, அவள் அழுததுதான் கணக்கு. அம்மாச்சியை வாழ்நாளெல்லாம் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படித்தான் கூப்பிட்டு அழுதாள். விளி அமைந்துவிட்டது! அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு எந்தப் பேச்சு வருகிறதோ அது வரட்டும். முகம் சுளித்தவர்கள் அந்தப் பிள்ளைக்கு நாலு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தால் பேசலாம்.

படம் எடுக்கக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் பெரியம்மாக்களின் பாட்டைக் குரலாக மட்டும்தான் பதிகிறோம். பதிவின் தொடக்கத்தில் ஊர், யாருக்காகச் சொன்னது, எந்த வருஷம் என்று அவர்களையே சொல்ல வைக்கிறோம். அது இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் அழுகைச் சத்தம்தான்.


சிரியம் பிள்ளை:

ஐயா, நீங்கள் சொன்னபடி அம்மாவின் சின்னம்மா ஒருவரைத் தௌங்கூவிலிருந்து வரச் சொன்னேன். நேற்று வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அடி என் அக்கா மகளே, அனாதையா அனுப்பிட்டியே" என்று எடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் இருட்டுகிற வரைக்கும் அழுதார்கள். நானும் என் தம்பியும் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ராத்திரி அம்மா நாலு வருஷத்துக்கு அப்புறம் அம்மாச்சி செய்கிற கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசினார். கத்திரிக்காயை எப்போது போட வேண்டும் என்று சின்னம்மாவோடு சண்டைகூடப் போட்டார்.


பெகுக்காரன்:

தம்பி, சந்தோஷம்.

சரி, நான் என் பேச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஆனாலும் திதி கொடுக்கிற காலையில் வேண்டாம் என்பதை விடமாட்டேன். முதல் நாள் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உட்காருங்கள். வாத்தியார் சொன்ன பதினாறு நாள் வழக்கமும் அந்த நேரம்தானே? பெரியப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். அவருக்கும் அவர் அம்மாதான்.

படையல் பற்றி யாருமே பேசவில்லை, அதில் எனக்குக் கருத்து உண்டு. எங்கள் அம்மாச்சிக்கு வருஷா வருஷம் வடை, பாயசம், சோறு, கறியோடு ஒரு கிண்ணம் மொய்ங்காவும், அதுதான் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ், வைக்கிறோம். அவர் விடியற்காலையில் அதைச் சாப்பிடாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. வாழைத்தண்டு போட்டு, கெளுத்தி மீனை உதிர்த்து, வறுத்த அரிசி மாவு கரைத்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு பருப்பு வடையை நொறுக்கி வைப்போம். பக்கத்தில் ஒரு பச்சைச் சுருட்டு. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், சாமி கும்பிடுகிற இடத்தில் சுருட்டா என்று கேட்டார். முனீசுவரருக்கு வைக்கும்போது மட்டும் ஆகுமா என்று எங்கள் அம்மா திருப்பிக் கேட்டார். அவர் அப்புறம் பேசவில்லை.


தட்டோன் பேத்தி:

பெகு அண்ணே, முதல் நாள் சாயங்காலம் என்றதும் பெரியப்பா சரி என்று சொல்லிவிட்டார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஆத்தா சுருட்டுப் பிடிக்கும், அதையும் வைங்க" என்று அவராகவே சொன்னார்.

மோரே அக்கா, தாராளமாக உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பத்தாவின் வரி தம்மு வரைக்கும் வந்துவிட்டது என்றால் அவருக்குப் பெருமைதான். கமாயுட் அக்கா சொன்னபடி செல்போன்களை எல்லாம் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவேன். ஒன்று மட்டும் குரலுக்காக.

இன்னொரு காரியம் செய்தேன். சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த காகித விசிறியில் அப்பத்தாவின் பர்மியப் பெயர்தான் அச்சாகியிருந்தது, பெரிய பெண்களுக்கு மரியாதையாகப் போடுகிற "டோ" என்று தொடங்கி. அடையாள அட்டையில் இருக்கிற பெயர் அது. குடும்பப் பட்டியலிலிருந்து நீக்கியதும் அந்தப் பெயரைத்தான். வீட்டில் ஒருத்தரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. மிச்சம் இருந்த விசிறிகளை எடுத்து, பின்பக்கம் அவர் தமிழ்ப் பெயரை நானே பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். திதிக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுப்போம்.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னபடி கட்டிப் பார்த்தேன். முகத்தில் பூசுகிற தனக்காக் கட்டையை அப்பத்தா அரைக்கிற வட்டக் கல் இன்னும் பின்வாசலில் கிடக்கிறது. நடுவில் குழி விழுந்து, ஓரத்துத் தண்ணி வாய்க்காலில் பாசி பிடித்திருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டேன்:

தனக்கா அரச்ச கல்லு – என் அப்பத்தாவே
தனியாக் கிடக்குதிப்போ
எனக்குன்னு எடுத்துவச்ச – என் அப்பத்தாவே
எண்ணெச்சொம்பும் காஞ்சிருச்சே

சரியாக இருக்கிறதா?


மோல்மீன் வாத்தியார்:

இதில் நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. முதல் ஜோடியை இரண்டு தடவை இழு. உன் அத்தைமார் அதற்குள் சேர்ந்துகொள்வார்கள். எச்சில் விழுங்குவதற்காக நிறுத்தினாலும் பயப்படாதே, அந்த இடைவெளியில் அவர்களில் ஒருத்தி தன் வரியை எடுப்பாள். அப்படித்தான் அது வளரும்.


வியாசர்பாடிப் பேரன்:

வணக்கம். நான் சென்னை வியாசர்பாடி. எங்கள் தாத்தா 64இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அவர் தங்கை ஒருவர் பர்மாவிலேயே தங்கிவிட்டார். எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. தாத்தா பெகு பக்கம் என்பார், சில சமயம் வேறு ஊர் சொல்வார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் கலங்கிவிட்டது. உங்கள் அப்பத்தா அவர் தங்கையாக இருக்க வழியில்லை. எங்கள் தாத்தா தையற்காரர், மளிகை இல்லை. அதனால் ஏதோ ஒட்டிக்கொள்ள வந்தவன் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் எங்கள் தாத்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் அத்தைமார்களுக்கு எடுக்கும்போது கூட ஒரு சேலை எடுப்பார். யாருக்கென்று கேட்டால் சொல்ல மாட்டார். பெட்டியில் போட்டு வைப்பார். அவர் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தோம். எல்லாம் மடிப்புக் கலையாத சேலைகள். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் எங்கள் அம்மா நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறார்.

இந்த இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைகிட்ட கேளு, பொறந்த வீட்டுச் சீலைன்னு நாம ஒண்ணு அனுப்பினா ஏத்துக்குவாங்களான்னு" என்றார். கேட்டுவிட்டேன். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.


தட்டோன் பேத்தி:

அண்ணா, அத்தைமார் இரண்டு பேரையும் பெரியப்பாவையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று நேற்று எழுத நினைத்தேன். கேட்பதற்கே நாக்கு வரவில்லை. இன்று காலையில் கேட்டேன். பெரிய அத்தை, "கப்பல்ல போனவங்க எல்லாம் அண்ணன்தாண்டி, வாங்கிக்க" என்றார். பெரியப்பா உங்கள் தாத்தாவின் பெயரும் ஊரும் கேட்டார். படையலில் அவருக்கும் ஒரு இலை போடுகிறாராம்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: அப்பத்தாவுக்குச் சுங்குடிச் சேலை என்றால் உயிர். பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் அது போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தபாலில் அனுப்பினால் எப்போது வந்து சேரும் என்று நம்ப முடியாது. யாராவது கையில் கொடுத்துவிட்டால் நல்லது.


வியாசர்பாடிப் பேரன்:

இருக்கிறது. கருநீலம், அரக்குக் கரை. அம்மா இப்போதே எடுத்து வெயிலில் போட்டுவிட்டார். ரங்கூன் வருகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?


கமாயுட் அக்கா:

என் தம்பி சென்னையில் கண் வைத்தியத்துக்கு வந்திருக்கிறான், புரட்டாசி கடைசியில் திரும்புகிறான். அவன் தங்கியிருப்பது பெரம்பூரில், உங்களுக்குப் பக்கம்தான். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், சேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள். ரங்கூன் வந்ததும் நானே தட்டோனுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். சின்னவளும் வருகிறேன் என்கிறாள். பேத்தி, எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லு, பேஜோ நான் பொரித்து எடுத்து வந்துவிடுகிறேன்.